நேசராணியின் கோவா ரொட்டி

நேசராணி ஒரு நாளைக்கு ஆறு ரொட்டி தின்பவள். காலையில் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்குமுன் இரண்டு, மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் இடத்தில் பகலுக்கு இரண்டு, அந்தியில் வந்து குளித்துவிட்டு அடுப்படியில் குந்தியபடி இரண்டு. கோதுமை மாவில் பாதித் தேங்காயைத் துருவிக் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, விரல் மொத்தத்துக்குத் தட்டிக் கல்லில் போடுவாள். இரண்டு பக்கமும் கருகல் புள்ளி விழும்போது எழும் வாசனை லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவரை போகும். அதை மிளகாய் இடித்த கட்டச்சம்பலில் தொட்டு வாயில் வைத்துவிட்டால் யாருடனும் பேசமாட்டாள்.

"நேசம் ரொட்டி திங்கிறப்ப எழவு சேதி வந்தாலும் வாசல்லதான் நிக்கணும்" என்பாள் பக்கத்துக் காம்பரா மாரியாயி.

நேசராணிக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் போய் எட்டு வருடம். மகள் ஜெசீகா கட்டுநாயக்காவில் தையல் ஃபெக்டரியில் இருந்தாள். கூடப் பிறந்தவன் ஒருவன்தான், யாகோப்பு, ஏழு வயது இளையவன். வெலிமடையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் மூட்டை தூக்கியவன். உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றைத் தோளிலும் இன்னொன்றைப் பேச்சிலும் தூக்குவான் என்று அங்கே பேர். போன வருடம் முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று தெரிந்தபோது அவனால் லயத்துப் படி ஏறவே முடியவில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் மனைவி விஜயலெட்சுமி அவனைப் பதுளைக்குக் கூட்டிப்போனாள். அங்கே மெஷினில் ரத்தத்தைக் கழுவி அனுப்பினார்கள்.

ஜனவரியில் நேசராணியின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பது என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். மலையில் யாரிடமும் சொல்லவில்லை, மாரியாயியைத் தவிர. சொன்னால் எத்தனை லட்சத்துக்கு விற்றாள் என்றுதான் பேச்சு வரும்.

சிறுநீரகம் மாற்றும் பெரிய டாக்டர் கண்டியிலிருந்து நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். கண்ணாடி போட்ட அம்மா. நேசராணியைத் தராசில் ஏற்றிவிட்டு, சிங்களத்தில் நிறையப் பேசினார். நர்ஸ் றிஸ்னி தமிழில் கொஞ்சமாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க எண்பத்தொரு கிலோ. உங்க உசரத்துக்கு அது கூட. எழுபத்திரண்டுக்கு எறங்கினாத்தான் ஒப்பரேஷனுக்கு எடுப்பாங்களாம். இல்லாட்டி உங்களுக்கு ஆபத்து."

"எனக்கு ஒண்ணும் ஆவாது மிஸ். இருவத்தஞ்சு வருசம் மலை ஏறுன ஒடம்பு."

"அதெல்லாம் சரி. என்ன சாப்பிடுவீங்க?"

நேசராணி சொன்னாள். றிஸ்னி பேனையை நிறுத்தினாள்.

"ஆறா?"

"சின்னதுதான் மிஸ்."

யாகோப்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "சின்னதாம். கல்லுக்கு வெளிய எட்டிப் பாக்கும் மிஸ்" என்றான்.

மே மாதம் முதல் கிழமைக்கு நாளும், இறங்க வேண்டிய நிறையும் குறித்துக் கிளினிக் காட் கொடுத்தார்கள். ஒன்பது கிலோ, நாலு மாதம். மாவைக் குறை, தேங்காயைக் குறை, சீனியை விடு, மரக்கறியைக் கூட்டு என்றாள் றிஸ்னி.

முதலில் குரக்கன் என்கிற கேழ்வரகில் ரொட்டி சுட்டாள். கறுப்பாய், தொண்டையை அறுத்துக்கொண்டு போனது. தேங்காய் போடாவிட்டால் மண்ணாங்கட்டி. போட்டால் ருசி வந்தது, அதோடு மூன்றாவது ரொட்டிக்கும் கை போனது. பிறகு ரொட்டியே வேண்டாமென்று அவித்த பயறு கொண்டுபோனாள். நாலாம் நாள் கொழுந்து மூட்டையோடு மேட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

அதைவிடப் பெரிய தொல்லை பகல் சாப்பாடு. மலையில் பொம்பளைகள் தனித்தனியாகத் தின்பதில்லை. இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து ஒன்றாய் விரித்து, எல்லாருடைய ரொட்டியையும் அதில் போட்டு, ஆளுக்காள் பிய்த்துக்கொள்வார்கள். ஒருத்தியின் ரொட்டியைத் தொடாமல் விட்டால் அவளைத் தள்ளிவைத்ததாக அர்த்தம். நேசராணி இரண்டு கிழமையாக எதையும் தொடவில்லை.

"என்னா நேசம், எங்க ரொட்டியில வெசமா கலந்திருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வயிறு சரியில்ல."

"ரெண்டு கெழமையாவா? மக ஃபெக்டரியில சம்பாரிக்கிறா, இனி நம்ம ரொட்டி எறங்காது."

மாரியாயி ரகசியத்தைக் காக்கிறவள், வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

தவக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. யாகோப்பு வேலை செய்த கடைக்காரர் அவனை மறக்கவில்லை. மழையில் வெடித்துப் பிளந்த முட்டைக்கோசுகளை, அங்கே சொல்கிறபடி கோவாக்களை, சாக்கில் கட்டி, பஸ்ஸில் போட்டுவிடுவார். விலைக்குப் போகாதவை, தின்ன நல்லவை. அன்று வதக்கிச் சுண்டல் போடலாமென்று நேசராணி ஒரு கோவாவை நூல் நூலாய் அரிந்து உப்புப் பிரட்டி வைத்தாள். அப்போது கோயில் மணி அடித்துவிட்டது. அப்படியே மூடிவைத்துவிட்டுப் பூசைக்குப் போனாள்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது கோவா தண்ணீர் விட்டுச் சுருங்கிக் கிடந்தது. அள்ளி இரண்டு கையாலும் பிழிந்தாள். உள்ளங்கையில் வெள்ளையாய், உதிரியாய், பால் பிழிந்த தேங்காய்ப்பூ போல இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாவு டின்னில் ஒரு பிடிதான் மிச்சம். அதைப் போட்டாள், ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள், பச்சைமிளகாய் அரிந்து போட்டாள், தேங்காய் போடவில்லை. முதல் ரொட்டி கல்லிலேயே பிய்ந்தது. இரண்டாவதைத் திருப்பாமல் பொறுத்திருந்தாள். கருகல் புள்ளி விழுந்தது. கட்டச்சம்பலில் தொட்டு வாயில் வைத்தாள்.

ரொட்டி இல்லைதான். ரொட்டிக்குத் தம்பி என்று சொல்லலாம். ஆனால் பல்லுக்கு வேலை இருந்தது, உதடு எரிந்தது, வயிறு நிறைந்தது. மூன்று தின்றும் உள்ளே போனது அரைப் பிடி மாவுதான். அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்கு, யாகோப்பு வீட்டுக்கு, ஏறினாள்.

அவனுக்கு உப்பு ஆகாது, தேங்காய் ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான். ஓரத்தில் ஒரு சின்னக் கிள்ளு கிள்ளி வாயில் போட்டான்.

"எப்படிடா?"

"நல்லாத்தான் இருக்கு. மாடு சந்தோசப்படும்."

"வாய அடிச்சு ஒடைப்பேன்."

"ஒரு கிட்னிக்கு ரெண்டு பேரு பட்டினி கெடக்குறோம் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. "அக்கா, முடியலைன்னா விட்டுரு."

"ஒன்ன யாருடா கேட்டா?"

மறுநாள் படங்கில் கோவா ரொட்டி விழுந்தது. ஆளுக்கொரு துண்டு பிய்த்துப் பார்த்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் படங்கில் போட்டுவிட்டாள் என்பதால் கோபம் தணிந்தது. இவள் மற்றவர்கள் ரொட்டியில் நகத்தளவு கிள்ளிக்கொண்டால் போதும் என்று ஆயிற்று. "தவக்காலத்துக்கு நேர்த்தியாம்" என்று மாரியாயி ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

உடம்பு குறைகிறதா என்று பார்க்க வழியில்லை. தோட்டத்து மருந்துச்சாலையின் தராசு முள் ஒடிந்து வருடமாகிறது. பதுளைக்குப் போனால் ஒரு நாள் பேரும் கூலியும் போய்விடும். சட்டை தொளதொளத்தது, அது மட்டும்தான் தெரிந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாள் அந்தி நிறுவையில், கொழுந்து மூட்டைகள் எல்லாம் இறங்கிய பிறகு, அவள் கொக்கித் தராசைப் பார்த்தாள்.

"தம்பி கிருஷ்ணராஜு, என்னைய ஒருக்கா நிறுத்துப் பாரேன்."

நிறுவைக்கு நிற்கும் கங்காணி கிருஷ்ணராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "கொக்கி அந்துச்சின்னா தொரைக்கு நான்தான் பதில் சொல்லணும் அக்கா."

"அறாது. தொங்குறேன், நீ நம்பர மட்டும் சொல்லு."

இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து முழங்காலை மடக்கித் தொங்கினாள். பொம்பளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கடா! சாக்குக்கு ஒரு கிலோ!" என்று ஒருத்தி கத்தினாள். தினமும் தங்கள் கொழுந்தின் நிறையில் வெட்டுவதைத்தான் அப்படிச் சொன்னாள்.

"எழுவத்து நாலு" என்றான் கிருஷ்ணராஜ்.

நேசராணி கீழே குதித்தாள். எண்பத்தொன்றில் ஏழு போயிருந்தது.

அதன் பிறகு கிழமைக்கு ஒரு நாள் தொங்கினாள். எழுபத்து மூன்றரை. எழுபத்து மூன்று. ஏப்ரல் பாதியில், புதுவருடத்துக்கு மறுநாள், எழுபத்திரண்டு. கிளினிக் காட்டில் எழுதியிருந்த அதே எண். அன்றைக்கு அவள் மேல் லயத்துக்கு ஏறிப்போய் யாகோப்புவிடம் சொன்னபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். விஜயலெட்சுமிதான் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு அவள் ஒரு தேங்காயை உடைத்தாள். எட்டியாயிற்றே என்று இரண்டு ரொட்டி, நிஜ ரொட்டி. மறுநாளும் ஒன்று.

மே மாதம் முதல் கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நேசராணி கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். தராசில் ஏறினாள். றிஸ்னி எண்ணைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க அக்கா."

கழற்றினாள்.

"எழுபத்தாறு புள்ளி மூணு."

"இல்ல மிஸ். எழுவத்திரெண்டு."

"இது எழுபத்தாறு காட்டுதே."

"மெஷினு பிழை மிஸ். நான் எங்க தோட்டத்துல கெழம கெழம பாத்தேன்."

றிஸ்னி பொறுமைசாலி. பக்கத்து வார்டுக்குக் கூட்டிப்போய் இன்னொரு தராசில் ஏற்றினாள். அதிலும் எழுபத்தாறு. தானே ஏறி, தன் எடை சரியாக இருப்பதைக் காட்டினாள். உள்ளே கண்ணாடி போட்ட டாக்டர் காட்டைப் புரட்டிவிட்டு, நன்றாகக் குறைத்திருக்கிறாய், இன்னும் நாலு கிலோ, அடுத்த முறை பார்ப்போம் என்றார். அடுத்த முறை என்பது செப்டம்பர்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து யாகோப்பு கேட்டான். "எந்தத் தராசுலக்கா நிறுத்த?"

"கொழுந்து தராசுல."

அவன் முதலில் புரியாதவன்போல் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், விஜயலெட்சுமி முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

"கொழுந்து தராசா? அதுவா ஒனக்கு உண்மைய சொல்லப் போவுது? மூட்டை நிறுத்தே வளந்தவன் நான், ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

அந்தத் தராசை நேசராணி இருபத்தைந்து வருடமாகத் திட்டியிருக்கிறாள். ஈரத்துக்கும் சாக்குக்கும் வாய்விட்டு வெட்டுவது போதாதென்று உள்ளுக்குள்ளும் தின்கிறது என்று அந்த மலையில் சொல்லாத பொம்பளை இல்லை. முதுகு முறிய ஒரு மூட்டைக் கொழுந்தைச் சுமந்து வந்து மாட்டும்போது, எண்ணைக் கேட்டு வயிறெரிந்து திரும்புகிறவள்தான் அவளும். தன் உடம்பைக் குறைத்துக் காட்டியபோது மட்டும் அதை நம்பிவிட்டாள். கேட்க நினைத்ததை அது சொன்னது. பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டு ஈஸ்டர் ரொட்டியும் மறுநாள் ஒன்றும் அவள் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தன.

மாரியாயியிடம் நடந்ததைச் சொன்னாள். மாரியாயி அழவில்லை, ஆத்திரப்பட்டாள். மறுநாள் அந்தி நிறுவைக்குக் கடையிலிருந்து ஒட்டுப் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பை நாலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்றாய்க் கட்டிக் கொக்கியில் மாட்டினாள். பத்தொன்பது காட்டியது. "எல்லாரும் பாருங்கடி! ஒரு கிலோ எங்கடா, கிருஷ்ணராஜு? ஒன் வயித்துலயா, தொர வயித்துலயா?" அவன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தான். அது உண்மையாகவும் இருக்கலாம். இரண்டு நாள் யாரும் கொழுந்தில் கைவைக்கவில்லை. மூன்றாம் நாள் புதுத் தராசு வந்தது. மலையெல்லாம் அதே பேச்சு, நேசராணியால்தான் வெளிச்சத்துக்கு வந்தது என்று. யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். அவளுக்கு அதில் எந்த மகிழ்ச்சியும் இல்லை. கிட்னி கொடுக்கப்போகும் கதையும் அந்தச் சந்தடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் நினைத்ததுபோல் லட்சக் கணக்கை யாரும் பேசவில்லை. அதற்குப் பதிலாக, பகலில் படங்கை விரிக்கும்போது தங்கள் ரொட்டியை அவளுக்கு எட்டாத ஓரத்தில் வைத்தார்கள்.

அவள் நாலு கிலோவுக்கு மறுபடி தொடங்கினாள். கோவா, ஒரு பிடி மாவு, முட்டை. வேறெதுவும் இல்லை. வெலிமடையில் கோவா கிடைக்காத கிழமைகளில் நோக்கோல் காயைத் துருவிப் பிழிந்து பார்த்தாள், அது கல்லில் ஒட்டியது. புதுத் தராசில் தொங்கவில்லை. மாதம் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே போய் நிறுத்துப் பார்த்தாள். எழுபத்தைந்து. எழுபத்து மூன்றரை. எழுபத்து மூன்று. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது. ஜெசீகா லீவில் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று அழுதாள்.

யாகோப்புக்கு ஜூலையில் காய்ச்சல் கண்டது. ரத்தம் கழுவக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்கள். மூன்று கிழமை வார்டில் கிடந்தான். வந்தபோது மூச்சு வாங்கியது, மல்லாந்து படுக்க முடியவில்லை. இரவெல்லாம் தலையணை இரண்டை அண்டக் கொடுத்துச் சாய்ந்தே இருந்தான். நேசராணி பார்க்கப் போனால் மூட்டைக் கதை எதுவும் சொல்வதில்லை. "நெறை எத்தனை?" என்று மட்டும் கேட்பான். அவள் சொல்வாள். தலையாட்டுவான்.

செப்டம்பரில் அவள் தராசில் ஏறியபோது எழுபத்தொன்று புள்ளி ஆறு. றிஸ்னி சத்தமாகவே சொன்னாள். வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே டாக்டர் இவளுடைய காட்டை ஒருமுறைதான் பார்த்தார். யாகோப்பின் நெஞ்சுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். பேசும்போது யாகோப்பைப் பார்க்கவில்லை. றிஸ்னி தமிழில் சுருக்கமாகச் சொன்னாள்.

"இப்ப வேணாமாம் அக்கா. அவருக்கு இதயம் பலவீனமாயிட்டு. மயக்க மருந்து தாங்காதாம். நெஞ்சு தேறட்டும், ஜனவரியில பார்ப்பம்னு சொல்றாங்க."

"தேறுமா மிஸ்?"

றிஸ்னி டாக்டரிடம் கேட்கவில்லை. "மருந்து தந்திருக்காங்க" என்றாள்.

"அப்ப நான்?"

"நீங்க இதே நிறையில இருங்க. கூட்டிராதீங்க."

வாங்கில் யாகோப்பு கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். விஜயலெட்சுமி மருந்து வரிசைக்குப் போயிருந்தாள். அவனுக்குச் சிங்களம் தெரியும், றிஸ்னி விட்டதையும் கேட்டிருப்பான்.

"அக்கா, இனி நல்ல ரொட்டி தின்னுக்க."

"ஜனவரின்னு சொல்லியிருக்காங்க."

"அவுங்க சொல்லுவாங்க."

"சொன்னா நான் கேப்பேன்."

மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவனுக்கு நேரம் வேண்டியிருந்தது.

அன்று அந்தியில் மாரியாயி வாசலில் வந்து நின்றாள். தட்டில் சுடச்சுட இரண்டு தேங்காய் ரொட்டி, ஓரத்தில் சிவப்பாய்க் கட்டச்சம்பல். விஜயலெட்சுமி அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்.

"காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலையாமே. தின்னு."

"வேணாம் மாரியாயி."

"ஒனக்காகச் சுட்டேன். என் ரொட்டிய இன்னமும் தள்ளி வைப்பியா?"

நேசராணி தட்டை வாங்கி அடுப்படியில் குந்தினாள். ஒரு ரொட்டியைப் பிய்த்தாள். ருசி கொஞ்சமும் மாறவில்லை, அதே தேங்காய், அதே கருகல். பழைய வழக்கம்போல் பேசாமல் தின்றாள். மாரியாயி நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணையும் தின்னு. இனிமே எதுக்குடி ஒடம்ப வருத்திக்கிட்டு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல."

நேசராணி இரண்டாவது ரொட்டியைத் தட்டோடு நீட்டினாள். "எடுத்துட்டுப் போ. ஜனவரிக்கு நெறை கூடிரக் கூடாது."

மாரியாயி தட்டை வாங்கிக்கொண்டு தன் காம்பராவுக்குப் போனாள். நேசராணி கையைக் கழுவிவிட்டுச் சாக்கிலிருந்து ஒரு கோவாவை எடுத்து, நாளைய ரொட்டிக்கு அரியத் தொடங்கினாள்.